தடிச்ச பக்கம்

பத்து, பதினொன்று, கிரீஸில் தொட்டு நிறுத்தினால் நிற்கிறது, பன்னிரண்டு, இதற்குப் பெயர் ஊசி என்றாலும் காதும் கிடையாது கூரும் கிடையாது, அரை அங்குல இரும்புக் குச்சி, ஈர்க்குச்சி தடிமன்தான், இருபத்தெட்டை ஒட்டி ஒட்டி வட்டமாக நிறுத்தினால் ஒரு கப்பு நிறையும், கப்பு என்பது குங்குமச் சிமிழ் அளவு, அந்த மாதிரி நாலு கப்பு, நாலும் போய் ஒரு கிராஸின் நாலு கையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும், கிராஸ் என்று என் வீட்டுக்காரர் சொல்வது வேறு ஒன்றும் இல்லை, ஒன்றாம் வகுப்பில் போட்ட கூட்டல் குறி, அதையே இரும்பில் வார்த்து ஜீப்புக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், பதிமூன்று, பக்கத்தில் மூச்சு விட்டால் சாய்கிறது, பதினாலு. கடையில் வாங்கும்போது எல்லாம் அடுக்கித்தான் இருந்தது. காலையில் முதல் பஸ்ஸில் போடிக்குப் போய் வாங்கிவந்து சாக்கின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார், அந்த நேரம் போதும் என் மகளுக்கு, மூன்று வயசுதான், நாலு கப்பையும் கவிழ்த்து மண்ணில் கொட்டி, அம்மா சேமியா என்றாள். நான் பயந்து போனேன். அவர் சிரித்துவிட்டார். "உங்கம்மாகிட்டக் குடு, பாயசம் வைப்பா" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அவ்வளவையும் பொறுக்கி, டீசலில் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எண்ணினேன், நூற்றுப் பதினொன்று. நாலு இருபத்தெட்டு நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று இல்லை. மண்ணைச் சலித்தேன், சாக்கை உதறினேன், பூனை படுக்கிற இடம் வரை பார்த்தேன், கடைசியில் தூங்குகிறவளின் கை மூடியே இருக்கிறதே என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தால் உள்ளங்கையில் ரேகையோடு ரேகையாக ஒட்டிக் கிடக்கிறது, வேர்த்து, சூடாக. அந்த ஒன்று குறைந்தால் மற்ற இருபத்தேழும் சாய்ந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பதினாறு பொம்பளைகள், சாப்பாட்டு வாளிகள், ஏலக்காய் மூட்டை, அவ்வளவு பாரமும் இழுபடுவது இந்தக் குச்சிகள் மேல்தான். பிள்ளை கையில் அடங்குகிறது, அது மலை ஏற்றுகிறது. பதினைந்து. பதினாறு.

வண்டிக்கு அடியில் அவர் கால் மட்டும் தெரிகிறது, குதிகால் வெடிப்பில் கறுப்பு எண்ணெய், ஸ்பானர் கிர்க் கிர்க் என்று திரும்புகிற சத்தம். இடது பக்கம் முறுக்குகிறார். நாலு நட்டு. அப்புறம் வலது பக்கம் நாலு. அது முடிந்தால் நான் அடுக்குகிற இந்தக் கப்புகள், அது முடிந்தால் ராடு, மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார், மேலே ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து உட்கார்ந்திருக்கிறவர்களை இருட்டும் முன்னே இறக்கிவிட வேண்டும். காலையில் அவர்கள் நடந்தே ஏறினார்கள், மூன்று மணி நேரம், பேச்சியக்கா போகும்போது வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள், "ஏ போதுராசு, எறங்கும்போதும் நடக்கவிட்டீன்னா ஒன்னிய ஏலக்காயோட சேத்து அவிச்சுப்புடுவேன்" என்று. எனக்கு முன்னால் இருப்பது கப்பு, காதுக்குள் இருப்பது அந்த ஸ்பானர், ரெண்டில் எது முதலில் முடியும் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அது தப்பாக முறுக்கப்படுகிறது. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். சொல்லவில்லை. பதினேழு.

தெரியும் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது, ஆறாம் வகுப்பு முடித்து ஏழில் நாலு மாசம் போனேன், அப்புறம் அம்மாவோடு தோட்டத்துக்கு ஏறினவள், எனக்கு என்ன தெரியும். ஆனால் அந்த உதறல் தெரியும். போன வருச மழையில் பாதையில் மண்ணெல்லாம் போய்ப் பாறை மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது, வண்டியின் வயிறு இடித்தது, மற்ற டிரைவர்கள் மாதிரி இவரும் வண்டியைத் தூக்கினார், பின்னால் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்குகிற சாக்கில் என்கிற தொங்கு இரும்பை நீளமாகச் செய்து போட்டு, பட்டையிலும் ரெண்டு கூடச் சேர்த்து, ஒரு முழம் தூக்கின மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது ஜீப்பு. பாறை இடிக்கவில்லை. உதறல் வந்துவிட்டது. கொஞ்சம் வேகம் எடுத்தால் அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி ஸீட்டுக்கு ஏறி, மடியில் இருக்கிற பிள்ளையின் கன்னம் ஆடும், அவளுக்கு அது விளையாட்டு, ஆ என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தம் துண்டு துண்டாக வருவதைக் கேட்டுச் சிரிப்பாள். மூன்று மாசத்தில் மூன்று கிராஸ் போயிற்று. மூன்றும் மேல்பக்கத்துக் கிராஸ். கீழ்ப்பக்கத்தது ஒன்றுகூடப் போகவில்லை. இதை யாரும் கேட்கவில்லையே, ஏன் எப்பவும் மேலது மட்டும் என்று, நான் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன், வாய்க்குள்ளேயே.

மூன்றாவது போன நாள் நானும் வண்டியில் இருந்தேன். கடைசி இடம் எனக்கு. இந்தப் பாதையில் ஓடுகிற எல்லா ஜீப்பிலும் பின்பலகையை ஒட்டின கடைசி ஆள் மடியில் கட்டை வைத்திருக்க வேண்டும், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கின வேல மரக்கட்டை, வண்டி பின்னால் போனால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும், அந்த இடத்தில் உட்கார யாருக்கும் பிடிக்காது, எதிர்த்து வாய் பேசாதவளுக்குத்தான் அது வரும், எனக்கு வந்தது. புளிச்சமரத்து முக்கில் ஏறும்போது அடியில் டங்கென்று ஒரு சத்தம், ராடு கழன்று மண்ணைக் கிழித்துக்கொண்டு தொங்கியது. ராடு என்றால் கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகிற நீளக் குழாய், அது போனால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவே இல்லை. கைபிரேக்கும் இல்லை, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், இந்த வண்டியின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காதாம், அந்த ராடின் தலைமாட்டைப் பிடிக்குமாம். முன்சக்கர இழுவையை அந்த முக்கு தாண்டித்தான் போடுவார். கால் பிரேக்கில் எழுந்தே நின்றார், சக்கரம் நின்றது, ஆனாலும் சரளைக் கல்லு மேல் வண்டி வழுக்கியது, பின்னால், மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்த மெதுதான் பயம், பள்ளத்தின் ஓரத்து ஊணாங்கொடியில் பூத்திருந்த பூ ஒவ்வொன்றும் கிட்டே வந்தது. பிள்ளையைப் பேச்சியக்கா மடியில் எறிந்தேன், எறிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், குதித்தேன், கட்டையைப் போட்டேன், மெல்லிசான பக்கம் சக்கரத்தைப் பார்க்க. சக்கரம் அதன் மேல் விரற்கடை ஏறி நின்றுவிட்டது. நின்றே விட்டது. பதினாறு பேர் ஏறின வண்டி, என் முழங்கை நீளம் இல்லாத ஒரு மரத்துண்டு. அதைத் திருப்பிப் போட்டிருந்தால், தடிச்ச பக்கம் சக்கரத்தில் முட்டும்படி போட்டிருந்தால், உருட்டித் தள்ளிவிட்டுப் போயிருக்கும். எல்லாரும் அழுதார்கள், பேச்சியக்கா மட்டும் என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அடப்பாவி போதுராசு, எங் கம்மல எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு எம் மகளுக்குச் சொல்லாமப் போயிருப்பேனேடா" என்றாள், அழுதவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் திரும்ப அழுதார்கள். அன்றிலிருந்து எனக்குக் கட்டைக்காரி என்று பெயர். பெயர் வந்ததும் இன்னும் வெட்கம் வந்தது. இருபத்தெட்டு, மூன்றாவது கப்பு நிறைந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ராத்திரி பகல் இதே யோசனை. போனில் ஒரு வீடியோ கண்டுபிடித்தார், எந்த ஊர்க்காரனோ, தெரியாத பாஷை, எங்கள் வீட்டை விட உயரமாகத் தூக்கின வண்டி, அதன் அடியில் படுத்துக்கொண்டு விரலால் காட்டுகிறான், பின்சக்கரத்து இரும்புக் குடம் இருக்கிறதே, அதிலிருந்து ராடைப் பிடிக்க முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கு, அந்த மூக்கு நிமிர்ந்து ராடை நேராகப் பார்க்கிறது. "பாத்தியா, மூக்கு ராடைப் பாக்கணும், நம்ம வண்டியில அது தரையப் பாக்குது, அதான் உதறுது" என்று எனக்குக் காட்டினார், எனக்குத்தான் காட்டினார், வேறு யாருக்கும் இல்லை, அதுவும் ஞாபகம் இருக்கிறது. உடனே பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு வைத்தார், மரத்தில் செதுக்கி, தடிச்ச பக்கம் பின்னால் வருகிற மாதிரி, மூக்கு நிமிர்ந்தது. ராடும் மூக்கும் ஒரே கோடாக, பார்க்க அவ்வளவு அழகு. உதறல் கூடிப்போயிற்று, மூன்றாவதுக்குப் பதில் போட்ட கிராஸும் அதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டது. மரம் நசுங்கிவிட்டது, அதான் என்று இரும்பு ஆப்பு செய்யச் சொல்லிப் போடியில் லேத்துப் பட்டறையில் கொடுத்தார். நான் அந்த வீடியோவைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது பார்த்தேன், அவளுக்கு அதுதான் கார்ட்டூன், பத்துத் தரம், இருபது தரம், பாஷை புரியாததால் கண் மட்டும் வேலை செய்தது, அப்போதுதான் எண்ணினேன். அந்த வண்டி ராடின் மேல்முனையில் கூட்டல் குறி ஒன்று இல்லை, ரெண்டு. அடுத்தடுத்து ரெண்டு, ஒட்டினாற்போல. எங்கள் வண்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவனுடையதில் மேலே ரெண்டு, கீழே ஒன்று. அது வேறே ராடு. வேறே ராடுக்குச் சொன்னதை நாம் நம் ராடுக்குச் செய்துவிட்டோம். சோறு வாயில் போகாமல் பிள்ளை மூக்கில் இடித்து அவள் கத்தினாள்.

அதற்கு அப்புறம் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் பழைய ராடு கிடக்கிறது, கோழி ஏறி உட்காருகிறது. அதை இழுத்துத் துணிக்கொடி கட்டுகிற ரெண்டு கம்பத்துக்கும் நடுவில் வைத்தேன், மேல்முனையை ஒரு கம்பத்தில் உயரமாக, கீழ்முனையை இன்னொன்றில் தாழ்வாக, டியூப் வாரால் தொளதொளவென்று கட்டி. கீழ்முனையை ராடை நேராகப் பார்க்க வைத்தேன், அவர் வைத்த மாதிரியே. மேல்முனையில் சாக்பீஸால் ஒரு கோடு, கீழ்முனையில் ஒரு கோடு. மேலே மெதுவாகத் திருப்பினேன், ஒரே சீராக, ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி. கீழே கோடு சீராக வரவில்லை. முதலில் முந்தி ஓடியது. கால் சுற்றில் ரெண்டு கோடும் சேர்ந்துகொண்டன. அடுத்த கால் சுற்றில் பிந்தியது. திரும்ப முந்தியது, திரும்பப் பிந்தியது. ஒரு சுற்றுக்கு ரெண்டு தரம் ஓடி ரெண்டு தரம் தயங்குகிறது. கை தவறுகிறதோ என்று பத்துத் தரம் செய்தேன். கை தவறவில்லை. இரும்புதான் அப்படி. வளைந்த இடத்தில் சுற்றினால் அது அப்படித்தான் போகும் போல, யாரும் தள்ளவில்லை, யாரும் பிடிக்கவில்லை. இதுதான் உதறல், இதுதான் பிள்ளையின் கன்னத்தில் ஆடியது என்று தெரிந்தபோது எனக்குக் காது அடைத்தது. அப்புறம் ஏனோ, ஏன் என்று இன்றைக்கும் தெரியாது, கீழ்முனையை அவிழ்த்து மேல்முனை எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதே திசையில் படுக்க வைத்துக் கட்டினேன், ராடு சாய்வாக நடுவில், ரெண்டு முனையும் ராடைப் பார்க்காமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கின ரெண்டு பாய் மாதிரி. மேலே எவ்வளவு வளைவோ கீழேயும் அவ்வளவே வளைவு. திருப்பினேன். கீழே கோடு சீராக வந்தது. மேலே நான் எப்படியோ கீழே அது அப்படியே. மேலே முந்தினதைக் கீழே அதே அளவு பிந்தி நேராக்கிவிடுகிறது. நடுவில் இருக்கிற ராடு மட்டும் ஓடியும் தயங்கியும் கிடக்கிறது, அது வெளியே தெரியவே இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோழி வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கோயிலில் நடை திறக்கும்போது மணி எல்லாம் ஒன்றாக அடித்ததும் உடம்பு ஒரு மாதிரி ஆகுமே, அந்த மாதிரி ஆயிற்று, வெறும் துணிக்கொடி கம்பத்தடியில், ஈரத் துணி தலைமேல் சொட்டச் சொட்ட. இதை முதன்முதலில் கண்டவர் யாரோ. அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களோ, கூப்பிட்டுச் சொல்ல.

ஒன்று, ரெண்டு, மூன்று, கடைசிக் கப்பு. கிர்க் கிர்க் நின்றது. இடது பக்கம் முடிந்ததா. இல்லை, மூச்சு வாங்குகிறார், திரும்பத் தொடங்குகிறது. நாலு, ஐந்து. அளந்தும் பார்த்துவிட்டேன், அதுதான் இன்னும் பெரிய திருட்டு. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் கொடுத்த ஜியாமெட்ரி பெட்டி, கவராயம் துருப்பிடித்துவிட்டது, கோணமானி மட்டும் நன்றாக இருக்கிறது, அரைவட்டக் கண்ணாடிப் பிளாஸ்டிக், அதன் நடு ஓட்டையில் நூலைக் கட்டி நூலின் நுனியில் ஒரு நட்டு. இன்றைக்குக் காலையில் அவர் பஸ் ஏறினதும், வண்டி ஜாக்கியில் ஏறுவதற்கு முன்னாலேயே, சக்கரம் தரையில் இருக்கும்போதே அடியில் புகுந்தேன், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, யாராவது பார்த்தால் கோழி முட்டை தேடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோணமானியின் நேர்ப்பக்கத்தை இரும்பில் ஒட்டி வைத்தால் நூல் தொங்குகிற இடத்தில் எண் இருக்கும், தொண்ணூறிலிருந்து அது எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு டிகிரி சாய்வு. மேல்முனை சாய்வு மூன்று. ராடு பதினேழு. மூக்கு பதினைந்து. மேலே வளைவு பதினேழில் மூன்று போகப் பதினாலு. கீழே பதினேழில் பதினைந்து போக ரெண்டு. பதினாலும் ரெண்டும். எப்படிச் சரிக்கட்டும், அங்கே பதினாலு முந்துகிறது, இங்கே ரெண்டுதான் பிந்துகிறது. கீழேயும் பதினாலு ஆக வேண்டும், மூக்கு பன்னிரண்டு குனிய வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போக என்று நினைத்தேன். அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்த இரும்பு ஆப்பைக் கோணமானி மேல் வைத்துப் பார்த்தேன், ஆறு. அவர் வைத்திருந்த மர ஆப்பையும் பார்த்தேன், அதுவும் ஆறு. ஆப்பை எடுத்துவிட்டால் மூக்கு ஆறு குனியும். அதையே திருப்பிப் போட்டால், தடிச்ச பக்கம் முன்னால் வைத்தால், இன்னும் ஒரு ஆறு. ஆறும் ஆறும் பன்னிரண்டு. ரெண்டும் பன்னிரண்டும் பதினாலு. புதுசாக எதுவும் வேண்டாம். கையில் இருப்பதே போதும், திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கணக்கை விரலில் மூன்று தரம் போட்டேன். ஏழாம் வகுப்பில் நாலு மாசம் மட்டும் படித்த கணக்கு, அது இங்கே வந்து இந்த இரும்புக்கு அடியில் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். மாமா, ஆப்பத் திருப்பிப் போடுங்க. முடிந்தது. ஏன் என்று கேட்பார். கேட்டால் கோணமானியைக் காட்ட வேண்டும், துணிக்கொடியைக் காட்ட வேண்டும், அந்த வீடியோவை, நீங்கள் பார்த்தது வேறே ராடு மாமா என்று சொல்ல வேண்டும். ஒரு தரம் சொன்னேனே. கல்யாணமான புதுசில் ஜீப் ஸ்டாண்டில் வைத்து, முன்சக்கரத்தில் ஏதோ நட்டு ஆடுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டேன், டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், "மாப்ள, இனி நீ சோத்த ஆக்கு, தங்கச்சி வண்டி ஓட்டட்டும்" என்றார் ஒருத்தர். இவரும் சிரித்தார். எனக்கு மண் பிளக்காதா என்று இருந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்து அந்த நட்டை முறுக்கினார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது. ஒன்பது, பத்து. என் கணக்கு தப்பாக இருந்தால். தப்பாக இருந்து, என் பேச்சைக் கேட்டு அவர் திருப்பி வைத்து, சாயங்காலம் புளிச்சமரத்து முக்கில் அது போனால், மடியில் கட்டையோடு கடைசி இடத்தில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள், நான் இல்லை, நான் இங்கே ஊசி அடுக்கிக்கொண்டு இருப்பேன், கூட வேலை செய்கிற மாலாவோ வேறு யாரோ, அவளுக்குக் கட்டையை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியுமா. கணக்கு சரியாக இருந்து நான் சொல்லாமல் இருந்தால். அதுவும் அதே முக்கு. அதே பூ கிட்டே வரும். பேச்சியக்கா கம்மலை எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்னும் மகளிடம் சொல்லவில்லை.

வாயால் வராது என்று தெரிந்துதான் அதைச் செய்தேன். பிள்ளை காலையிலிருந்து சாக்பீஸ் வைத்துக்கொண்டு டயர், பம்பர், தண்ணீர்க் குடம் ஒன்று விடாமல் கிறுக்கிக்கொண்டிருந்தாள், அவள் தூங்கினதும் அந்தச் சாக்பீஸை எடுத்து, ரெண்டு ஆப்பின் முதுகிலும், தடிச்ச பக்கத்தில், ஒரு அம்புக்குறி போட்டேன், பக்கத்தில் முன் என்று எழுதினேன். முன்னால் என்று முழுசாக எழுத இடம் இல்லை. இடம் இருந்தது, தைரியம் இல்லை. சாக்கின் மேல் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டேன். அடியிலிருந்து கை மட்டும் நீண்டு வந்தது, முதல் ஆப்பைத் தடவி எடுத்தது, வேஸ்ட் துணியால் ஒரே இழு. "ஒரு எடம் விடமாட்டா போல இந்தக் கழுத" என்று சிரித்துக்கொண்டார். அம்பு போயிற்று. எழுத்தும் போயிற்று. அவர் படித்தே பார்க்கவில்லை. அதைத்தான் இவ்வளவு நேரம் இடது பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறார், தடிச்ச பக்கம் பின்னால். ரெண்டாவது ஆப்பு அதோ சாக்கின் மேலேயே இருக்கிறது. வெயில் அதன் மேல் விழுந்து வெள்ளையாகத் தெரிகிறது, இங்கிருந்தே என் எழுத்து எனக்குத் தெரிகிறது, மு கொஞ்சம் சாய்ந்துவிட்டது, லீலாவதி டீச்சர் பார்த்தால் கோட்டுக்கு மேல எழுது என்பார்.

பதினெட்டு, பத்தொன்பது. ஸ்பானர் நின்றுவிட்டது. இந்தத் தரம் மூச்சு வாங்கவில்லை, முடிந்தே விட்டது, மண்ணில் உடம்பு நகருகிற சத்தம், வலது பக்கம் போகிறார், குதிகால் இந்தப் பக்கம் மறைந்து அந்தப் பக்கம் தெரிகிறது. இருபது. இப்போது சொல்ல வேண்டும். எழுந்து போய், குனிந்து, மாமா என்று. எழுந்தால் கப்பு ஆடும், ஊசி சாயும், அது ஒரு சாக்கு என்று எனக்கே தெரிகிறது. இருபத்தொன்று. கை நீளுகிறது. சாக்கைத் தடவுகிறது. ஸ்பானர் வேண்டாம், நட்டு வேண்டாம், ஆப்பைத் தொட்டுவிட்டது, எடுத்துவிட்டது, ஆப்பு உள்ளே போய்விட்டது. துணியின் சத்தம் வரவில்லையே. இருபத்திரண்டு. ஒன்றும் சத்தம் வரவில்லை. பிள்ளை தூக்கத்தில் கையை மூடித் திறக்கிறாள், உள்ளே எதுவும் இல்லை, ஆனாலும் மூடுகிறாள். இருபத்துமூன்று. இந்த நேரம் அந்த மலைமேல் பதினாறு பேரும் காய் பறித்த கையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் தெரியாது, இங்கே வாசலில் ஒரு இரும்பு முன்னால் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா என்று நிற்கிறது என்று, அவ்வளவு பெரிய மலை, அவ்வளவு சின்ன ஆப்பு, இருபத்துநாலு, ஒன்றை ஒன்று நேராகப் பார்க்க வேண்டியதே இல்லை, ரெண்டும் ஒரே திசையில் இருந்தால் போதும், நடுவில் எவ்வளவு சாய்வு இருந்தாலும், இருபத்தைந்து, நடுவில் அது எவ்வளவு தடுமாறி ஓடினாலும் அந்த முனைக்குப் போகும்போது

"ஏ நாகு."

இருபத்தாறு

"இங்க வா. பாப்பாவுக்கு எப்ப இருந்து எழுத வந்துச்சு?"

இந்தா வர்றேன் மாமா, கையெல்லாம் கிரீஸு, அது பாப்பா இல்ல, நான்தான் போட்டேன், அந்தத் தடிச்ச பக்கம்